பேட்ச் ரியாக்டரில் வால்யூம் மாறுமா, மாறாதா?

ஜூன் 3, மாலை 6.40 (கேள்வி)

கெமிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பேட்ச் ரியாக்டர் (சரக்கை ஏற்றி, ரியாக்ஷன் முடிந்தபின் மொத்தமாக இறக்கும் பாத்திரம்) என்றாலே வால்யூம் கான்ஸ்டன்ட் என்று எடுத்துக்கொண்டுதான் எல்லாக் கணக்கும் போடுகிறோம். அப்புறம் எதற்கு எப்சிலான், வால்யூம் மாற்றம் என்று தனியாக ஒரு பாடம்? பாத்திரம் எஃகு. அது விரியவா போகிறது? கேட் (பொறியியல் மேற்படிப்பு நுழைவு) தேர்வுக்காக மட்டும் வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ப்ளான்டில் வேலை பார்க்கும் அண்ணன்கள் யாராவது இதை உண்மையில் பயன்படுத்தியிருக்கிறீர்களா?

ஜூன் 3, இரவு 10.15

தினமும் பயன்படுத்துகிறோம் தம்பி. பாடத்தில் வரும் அதே உருவத்தில் அல்ல, அவ்வளவுதான்.

மணலி பக்கம் பேட்ச் ப்ளான்டில் பல வருஷம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். பாத்திரத்தின் கொள்ளளவு வேறு, உள்ளே இருக்கும் சரக்கின் வால்யூம் வேறு. நீங்கள் சொல்வது முதலாவது. பாடம் பேசுவது இரண்டாவது. பாதி நிரம்பிய ரியாக்டரில் திரவம் ஏறலாம், இறங்கலாம். எஃகுக்கு அதில் சம்பந்தமே இல்லை.

விரிவாக நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4, இரவு 9.30

முதலில் வாயு, ஏனென்றால் பாடப்புத்தகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எப்சிலான் என்பது, முழு கன்வர்ஷன் ஆகும்போது, அதாவது போட்ட சரக்கு முழுவதும் மாறும்போது, வால்யூம் எவ்வளவு பங்கு கூடுகிறது அல்லது குறைகிறது என்பது. வால்யூம் = தொடக்க வால்யூம் × (1 + எப்சிலான் × கன்வர்ஷன்). ஒரு மோல் ஏ, இரண்டு மோல் பி ஆகிறது, தொடக்கத்தில் ஏ மட்டுமே இருக்கிறது என்றால் எப்சிலான் 1. பாதி நைட்ரஜன் கலந்திருந்தால் 0.5. இந்தச் சமன்பாட்டுக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: பிரஷரும் டெம்பரேச்சரும் மாறக்கூடாது. அப்படி ஒரு பேட்ச் ரியாக்டர் வேண்டுமென்றால் பிஸ்டன் வைத்த சிலிண்டர்தான் வேண்டும். ப்ளான்டில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. மூடிய ஆட்டோகிளேவில், அதாவது பிரஷர் தாங்கும் பாத்திரத்தில், அதே ரியாக்ஷன் நடந்தால் வால்யூம் அப்படியே இருக்கும், பிரஷர்தான் (1 + எப்சிலான் × கன்வர்ஷன்) மடங்கு ஆகும். கேஜில் அதைப் பார்த்தே கன்வர்ஷனைச் சொல்லிவிடலாம். ஆக உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது: வாயுவுக்கு இந்தப் பாடம் நிஜமாக உதவுவது, சரக்கு ஓடிக்கொண்டே மாறும் குழாய் ரியாக்டரில். பேட்ச் கணக்கு அதற்கு ஒத்திகை.

பரீட்சைக்குப் படிப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். ஃபர்ஸ்ட் ஆர்டர் ரியாக்ஷனில் (வேகம் கான்சன்ட்ரேஷனுக்கு நேர்விகிதம்), கன்வர்ஷனுக்கும் நேரத்துக்கும் உள்ள உறவை வால்யூம் மாற்றம் தொடவே தொடாது. காரணம் எளிது. ஒரு நிமிடத்தில் குறையும் மோல் = கே (வேக மாறிலி) × கான்சன்ட்ரேஷன் × வால்யூம். கான்சன்ட்ரேஷனை வால்யூமால் பெருக்கினால் மோல். வால்யூம் அடிபட்டுப் போய்விட்டது. எப்சிலான் 1 ஆனாலும் மைனஸ் 0.3 ஆனாலும் 90 சதவீதத்துக்கு ஆகும் நேரம் ஒன்றே.

செகண்ட் ஆர்டரில் (வேகம் கான்சன்ட்ரேஷனின் வர்க்கத்துக்கு நேர்விகிதம்) அப்படித் தப்பிக்க முடியாது. கான்ஸ்டன்ட் வால்யூமில் 90 சதவீத கன்வர்ஷனுக்கு, கே × தொடக்க கான்சன்ட்ரேஷன் × நேரம் = 9 என்று வரும். சரக்கு சுருங்கி எப்சிலான் மைனஸ் 0.2 ஆக இருந்தால் அதே 9 என்பது சுமார் 7.66 ஆகிவிடும். (1 + எப்சிலான்) × கன்வர்ஷன் ÷ (1 − கன்வர்ஷன்), அதோடு எப்சிலான் × இயற்கை லாக் (1 − கன்வர்ஷன்). போட்டுப் பாருங்கள்: 7.2 கூட்டல் 0.46. நேரம் 15 சதவீதம் குறைவு. சுருங்கச் சுருங்க மூலக்கூறுகள் நெருங்குகின்றன, மோதல் கூடுகிறது, ரியாக்ஷன் முன்னதாகவே முடிகிறது. பேட்ச் சைக்கிள் டைமில் இது ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

ஜூன் 5, காலை 7.05

வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு வரி. "திரவம் என்றால் வால்யூம் மாறாது" என்று நேற்றிரவு இன்னொரு நண்பர் கீழே எழுதியிருக்கிறார். 20 டிகிரியில் 50 மில்லி எத்தனாலையும் 50 மில்லி தண்ணீரையும் ஒரு அளவு ஜாடியில் கலந்து ஆறவிட்டுப் பாருங்கள். சுமார் 96.4 மில்லிதான் நிற்கும். இங்கே ரியாக்ஷன்கூட நடக்கவில்லை, வெறும் கலப்பு.

ஜூன் 5, இரவு 11.00

காலையில் சொன்னது லேப் அளவு. ப்ளான்டில் இதை நான் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டது காஸ்டிக் சோடா கரைக்கும்போது.

காஸ்டிக் ஃப்ளேக்ஸ் 50 கிலோ மூட்டையில் வரும். ஆயிரம் கிலோ தண்ணீரை ஏற்றி, ஸ்டிரரை ஓடவிட்டு, ஜாக்கெட்டில் (ரியாக்டரைச் சுற்றியுள்ள வெளி உறை) சில்டு வாட்டரைத் திறந்து வைத்துவிட்டு, மேன்ஹோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினார்கள். இரண்டு மூட்டை. கிளவுஸ், ஃபேஸ் ஷீல்டு எல்லாம் போட்டுக்கொண்டு கொட்டினாலும், அந்த ஆவி மூக்கில் ஏறும். கரைசல் சூடாகும், லெவலும் சற்று ஏறியது மாதிரி தெரியும். முப்பது டிகிரிக்கு இறங்கிய பிறகு ஆப்பரேட்டர் அண்ணன் டிப் ராடை (மட்டம் அளக்கும் கம்பி) விட்டுப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "சார், நூறு கிலோ போட்டிருக்கோம், மட்டம் ஏறவே இல்லையே. மூட்டை எடை குறைவா வந்திருக்குமா?" என்றார்.

எடை சரிதான். டென்சிட்டி டேபிளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 20 டிகிரியில் ஆயிரம் கிலோ தண்ணீர் சுமார் 1,002 லிட்டர். நூறு கிலோ காஸ்டிக் சேர்ந்தால் 1,100 கிலோ, 9 சதவீதக் கரைசல், டென்சிட்டி சுமார் 1.10. வகுத்தால் 1,000 லிட்டர். நூறு கிலோ உள்ளே போயிருக்கிறது, வால்யூம் ஏறக்குறைய அப்படியே.

இன்னும் நீர்த்த நிலையில் பார்த்தால் குறையவே செய்யும். 100 கிலோ தண்ணீரில் 5 கிலோ காஸ்டிக் போட்டால், போடுவதற்கு முன் இருந்ததைவிடக் கால் லிட்டர் அளவு குறைந்திருக்கும். அயனிகள் தம்மைச் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்து இறுக்கிக்கொள்வதால் வருவது. அடர்த்தி கூடக்கூட அந்த இறுக்கத்துக்கு இடமில்லாமல் போய் வால்யூம் ஏறத் தொடங்கும்: 50 சதவீத லை (காஸ்டிக் கரைசல்) செய்ய 100 கிலோ தண்ணீரில் 100 கிலோ போட்டால் 131 லிட்டர் வரும்.

சல்ஃப்யூரிக் ஆசிட்டும் இப்படித்தான். 98 சதவீத ஆசிட் 100 கிலோ, தண்ணீர் 96 கிலோ. தனித்தனியாக லிட்டரைக் கூட்டினால் 150-க்கு மேல். கலந்து 20 டிகிரிக்கு ஆறவைத்தால் 140.5 லிட்டர்.

இதிலிருந்து என் வழக்கம் ஒன்றே ஒன்று. லிட்டரை லிட்டரோடு கூட்டுவதில்லை. உள்ளே போன கிலோவைக் கூட்டு, வெளியே போன கிலோவைக் கழி, அந்த டெம்பரேச்சரில் அந்தக் கலவையின் டென்சிட்டியால் வகு. வால்யூம் கடைசியாக வரும் விடை. அதை முதலில் எழுதிவிட்டு மேலே கட்டினால் எல்லாமே சாயும்.

ஜூன் 7, மதியம் 1.20

"டென்சிட்டிக்கு எங்கே போவது?" என்று கேட்டிருக்கிறார் தம்பி. தூய சால்வென்ட், ஆசிட், காஸ்டிக் எல்லாவற்றுக்கும் ஹேண்ட்புக்கில் டேபிள் இருக்கிறது. உங்கள் ரியாக்ஷன் மாஸுக்கு (ரியாக்டருக்குள் இருக்கும் கலவை) எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஒரு சாம்பிள் எடுத்து, டென்சிட்டி பாட்டிலிலோ மீட்டரிலோ இரண்டு மூன்று டெம்பரேச்சரில் அளந்துகொள்ளுங்கள். அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் "தோராயமாக ஒன்று" என்று போடுகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

ஜூன் 7, இரவு 10.40

டெம்பரேச்சர் பேச்சு வந்ததால் சென்னை வெயிலைச் சொல்லாமல் இருக்க முடியாது.

டொலுயீன் என்ற சால்வென்டை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி விடியற்காலை 22 டிகிரியில் அதன் டென்சிட்டி 0.865. அக்னி நட்சத்திரத்தில் வெட்டவெளி டே டேங்கில் (அன்றாடத் தேவைக்கான தொட்டி) நின்ற டொலுயீன் 45 டிகிரிக்கு எளிதாகப் போகும், அப்போது 0.843. ஃப்ளோ டோட்டலைசரில் (ஓடிய லிட்டரை எண்ணும் மீட்டர்) ஆயிரம் லிட்டர் என்று செட் செய்து ஏற்றினால் ஜனவரியில் 865 கிலோ, மே மாதத்தில் 843 கிலோ. பேட்ச் ரெக்கார்டில் இரண்டும் "1,000 லிட்டர்" என்றுதான் இருக்கும். கிறிஸ்டலைசேஷன் ஸ்டேஜில் 22 கிலோ சால்வென்ட் குறைவு என்பது ஈல்டில் தெரியும், துகள் அளவில் தெரியும். "வெயில் காலத்தில் இந்த ப்ராடக்ட் ஒரு மாதிரி வருது சார்" என்று ஷிஃப்டில் சொல்வார்கள். அதற்குப் பல காரணம் இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது இது.

உள்ளே சூடாக்கும்போது இன்னும் அதிகம். 30 டிகிரியில் 0.858, ரிஃப்ளக்ஸில் (கொதித்து, ஆவி குளிர்ந்து திரும்பும் நிலை), 110 டிகிரியில், 0.778. ஏறத்தாழ 10 சதவீதம் வீங்குகிறது. 20 டிகிரிக்கான விரிவுக் கெழுவை எடுத்து 80 டிகிரியால் பெருக்கினால் எட்டரைச் சொச்சம்தான் வரும், ஏனென்றால் அந்தக் கெழுவே சூட்டோடு கூடுகிறது. கெழு வேண்டாம், இரண்டு டெம்பரேச்சர் டென்சிட்டியை நேராக வகுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இந்த விஷயத்தில் சாது: 25-லிருந்து 90-க்குப் போனாலும் 3.3 சதவீதம்தான்.

ஜூன் 8, காலை 6.50

அம்பத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: எஸ்டரிஃபிகேஷனில் (ஆசிட்டும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டரும் தண்ணீரும் ஆவது) வால்யூம் மாற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

அசிட்டிக் ஆசிட் 60 கிலோ 57.2 லிட்டர், எத்தனால் 46 கிலோ 58.3 லிட்டர், கூடுதல் 115.5. முழுவதும் மாறினால் எத்தில் அசிட்டேட் 88 கிலோ 97.6 லிட்டர், தண்ணீர் 18. கூடுதல் 115.6. ரியாக்ஷனால் வரும் மாற்றம் என்று எதுவுமே இல்லை. (ஒப்பிடுவதற்காக இங்கே தனித்தனி வால்யூமைக் கூட்டியிருக்கிறேன், கலப்பு விளைவு தனி.) இதில் கான்ஸ்டன்ட் வால்யூம் என்று தைரியமாகப் போடலாம். ஆனால் தண்ணீரைப் பிரித்து வெளியே எடுக்கும் ரெசின் கெட்டிலாக (ரெசின் சமைக்கும் ரியாக்டர்) இருந்தால், எடுத்த தண்ணீரின் கிலோவைக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

ஜூன் 9, இரவு 11.30

எஸ்டருக்கு நேர் எதிர்ப்பக்கம் பாலிமர். இதுதான் இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

மெத்தில் மெத்தாக்ரிலேட் திரவத்தின் டென்சிட்டி 0.94. அது பாலிமர் ஆகி அக்ரிலிக் ஆனால் 1.19. ஒரு கிராம்கூட வெளியே போகவில்லை, ஆனால் வால்யூமில் 21 சதவீதம் காணாமல் போகிறது. எப்சிலான் மைனஸ் 0.21. தனித்தனி மூலக்கூறுகளாக இருந்தபோது ஒன்றுக்கொன்று விலகி நின்றவை, பிணைப்பு விழுந்ததும் நெருங்கிவிடுகின்றன. ஒரு மோலுக்கு 22 மில்லி. ஸ்டைரீன் 0.906-லிருந்து 1.05-க்குப் போகும், சுருக்கம் 14 சதவீதம். வினைல் குளோரைடு பி.வி.சி. ஆகும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே சுருங்கும்.

அண்ணா சாலையில் பார்க்கும் பளபளப்பான அக்ரிலிக் பெயர்ப் பலகைகள் இருக்கின்றன அல்லவா, அந்தத் தகட்டை வார்ப்பு முறையில் செய்யும்போது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மோனோமரை (இன்னும் பாலிமர் ஆகாத திரவம்) ஊற்றி, சுற்றிலும் இளகும் கேஸ்கெட் வைப்பார்கள். சரக்கு சுருங்கச் சுருங்கக் கேஸ்கெட் நசுங்கி, கண்ணாடிகள் கூடவே நெருங்கி வரும். கேஸ்கெட் விறைப்பாக இருந்தால் தகடு கண்ணாடியை விட்டுப் பிரிந்து, மேல்பரப்பு கெட்டுப் போகும்.

இந்தச் சுருக்கத்தையே அளவுகோலாக வைத்து ரேட்டைக் கண்டுபிடிப்பதுதான் டைலடோமீட்டர். ஒரு குமிழ், மேலே மெல்லிய நுண்குழாய். குழாயில் மட்டம் இறங்கும் வேகத்தைக் குறித்துக்கொண்டே போனால் கன்வர்ஷன் கர்வ் கையில் வந்துவிடும். சாம்பிள் எடுக்க வேண்டாம், டைட்ரேஷன் வேண்டாம். தம்பி, உங்கள் லேபில் இது இருந்தால் ஒருமுறை செய்து பாருங்கள். எப்சிலான் கண்முன்னே இறங்குவதைப் பார்க்கலாம்.

பேட்ச் ரியாக்டரில் இதன் விளைவு? வெள்ளைப் பசைக்கான வினைல் அசிட்டேட் எமல்ஷனை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க 500 கிலோ மோனோமர், 500 கிலோ தண்ணீர், மொத்தமாக முதலிலேயே சார்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி கணக்கில் தொடக்கம் 1,036 லிட்டர், முடிவில் 921. சுமார் 115 லிட்டர் இறக்கம். மட்டம் இறங்கினால் ஜாக்கெட்டின் மேல்பகுதி சரக்கைத் தொடாது. கூலிங் பரப்பு குறைகிறது. கூடவே சரக்கு கெட்டியாகி ஹீட் டிரான்ஸ்ஃபரும் குறைந்துகொண்டிருக்கும் நேரம் அது. மேலே காய்ந்த சுவரில் தெறித்தது தோலாகப் படியும், அதைச் சுரண்டுவது தனி வேலை. மோனோமரை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஃபீடு செய்யும் செமி-பேட்சில் மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுருக்கம் உள்ளே மறைந்துவிடும். ஃபீடு லிட்டரைக் கூட்டிக்கொண்டே போய், "இத்தனை லிட்டர் இருக்க வேண்டுமே" என்று தேடுகிறவர்கள் அங்கேதான் குழம்புவார்கள்.

ஜூன் 10, இரவு 9.10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் கான்ஸ்டன்ட் வால்யூம் என்று போடுவதே தப்பா?" என்று தம்பி கவலைப்பட்டிருக்கிறார்.

தப்பில்லை. அதே மெத்தாக்ரிலேட்டை 10 சதவீதக் கரைசலாக ஓட்டினால் சுருக்கம் 2 சதவீதம். உங்கள் சாம்பிளிங், டைட்ரேஷன் பிழையே அதைவிட அதிகம் இருக்கும். சால்வென்ட் மிகுந்த, ஒரே டெம்பரேச்சரில் நடக்கும், எதுவும் ஆவியாகாத ரியாக்ஷன் என்றால் கான்ஸ்டன்ட் என்று போட்டுவிட்டுப் போங்கள். போடும் முன் ஒரே ஒருமுறை எப்சிலானைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. 100 டிகிரியில் எடுத்த சாம்பிள் லேபுக்குப் போகும்போது 30 டிகிரி. லிட்டருக்கு இத்தனை மோல் என்று ரிப்போர்ட் வந்தால் அது லேப் டெம்பரேச்சர் லிட்டர், ரியாக்டர் லிட்டர் அல்ல. எடை விழுக்காட்டில் ரிப்போர்ட் கேளுங்கள். எடைக்குச் சூடு குளிர் கிடையாது.

ஜூன் 12, இரவு 10.50

ஆலத்தூர் பக்கம் ஹைட்ரஜனேஷன் (ஹைட்ரஜன் சேர்க்கும் ரியாக்ஷன்) ஓட்டும் நண்பர் எழுதியிருக்கிறார்: "எங்களுக்கு எப்சிலான் தேவையில்லை. பிரஷர் எவ்வளவு விழுந்தது என்று பார்த்து ஹைட்ரஜன் கணக்கைப் போட்டுவிடுவோம்."

அங்கேதான் வால்யூம் ஒளிந்திருக்கிறது. நைட்ரோபென்சீன் அனிலீன் ஆகும்போது ஒரு மோலுக்கு மூன்று மோல் ஹைட்ரஜன் திரவத்துக்குள் போகிறது, இரண்டு மோல் தண்ணீர் பிறக்கிறது. ஒரு மோல் நைட்ரோபென்சீன் 102.6 மில்லி. அதிலிருந்து வரும் அனிலீன் 91 மில்லி, தண்ணீர் 36 மில்லி, சேர்ந்து 127. திரவம் 24 சதவீதம் கூடிவிட்டது. சால்வென்ட் இல்லாமல், ஆயிரம் லிட்டர் ஆட்டோகிளேவில் 500 லிட்டர் சார்ஜ் செய்தால் முடிவில் 620 லிட்டர். மேலே வாயுவுக்கு இருந்த 500 லிட்டர் இடம் 380 ஆகியிருக்கும். நண்பர் தொடக்கத்து 500-ஐயே வைத்து, பிரஷர் வித்தியாசத்தை மோலாக மாற்றினால், உள்ளே மிச்சமிருக்கும் ஹைட்ரஜனை அதிகமாக மதிப்பிடுவார், குடித்ததைக் குறைவாக மதிப்பிடுவார். "இன்னும் முடியவில்லை" என்று மேலும் ஓட்டத் தோன்றும்.

மெத்தனாலில் நீர்த்து ஓட்டினால் இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது. நண்பர் அப்படித்தான் ஓட்டுகிறார் என்று பிறகு சொல்லியிருக்கிறார். சரி. ஆனால் மாஸ் ஃப்ளோ மீட்டர் இருந்தால் அதை நம்புங்கள், பிரஷர் கணக்கைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 13, காலை 7.30

லெவல் கருவிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை.

டி.பி. டிரான்ஸ்மிட்டர் (அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் கருவி) மட்டத்தை அளப்பதில்லை. மேலே நிற்கும் திரவத்தின் கனத்தை அளக்கிறது. தண்ணீருக்குக் காலிபரேட் செய்த டிரான்ஸ்மிட்டர் 75 சதவீதம் காட்டும்போது உள்ளே இருப்பது டொலுயீன் என்றால் நிஜ மட்டம் சாதாரண டெம்பரேச்சரில் 86-87. அதையே ரிஃப்ளக்ஸுக்குக் கொண்டுபோனால் மட்டம் 96-க்கு ஏறிவிடும், டிஸ்ப்ளே மட்டும் அதே 75-ல் நிற்கும். நேரான சிலிண்டர் பகுதியில் எடை மாறவில்லை, பரப்பு மாறவில்லை, ஆகவே அழுத்தம் மாறாது. வீக்கத்தை அந்தக் கருவியால் பார்க்கவே முடியாது. புதிதாக வரும் டிரெய்னிகளுக்கு நான் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இது.

லோட் செல்லும் (ரியாக்டரின் எடையைக் காட்டும் கருவி) வீக்கத்தைக் காட்டாது, அதன் வேலை அதுவல்ல. கிலோ கணக்குக்கு அதுதான் சிறந்தது. ஆனால் ஜாக்கெட்டைக் கவனிக்க வேண்டும். சில்டு வாட்டரை வடித்துவிட்டு ஸ்டீம் விட்டால் ஜாக்கெட்டில் இருந்த தண்ணீர் முழுவதும் எடையிலிருந்து இறங்கும். ஆப்பரேட்டர் ஸ்கிரீனில் பார்த்துவிட்டு லீக் என்று பதறுவார். எடை எடுக்கும்போது ஜாக்கெட் ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்று பேட்ச் ரெக்கார்டிலேயே எழுதிவிடுங்கள்.

நிஜ மட்டத்தைப் பார்க்க டிப் ராட் அல்லது ரேடார். டிப் ராடில் ஒன்று: 1.5 மீட்டர் விட்டமுள்ள ரியாக்டரில் ஒரு சென்டிமீட்டர் என்பது 17.7 லிட்டர். ஸ்டிரர் ஓடும்போது நடுவில் குழியும் ஓரத்தில் மேடும் விழும். ஸ்டிரரை நிறுத்தாமல் டிப் எடுத்தால் சென்டிமீட்டர் கணக்கில் ஏமாறுவீர்கள். அடியில் இருக்கும் டிஷ்ஷை (கிண்ண வடிவ அடிப்பகுதி) மறக்கக்கூடாது. இரண்டுக்கு ஒன்று எலிப்டிகல் டிஷ் என்றால் விட்டத்தின் முப்படி (விட்டம் × விட்டம் × விட்டம்) × 0.131, இதே ரியாக்டருக்கு 442 லிட்டர். நான் எப்போதும் கேட்பது, தண்ணீரை எடைபோட்டு ஊற்றிச் சென்டிமீட்டர்வாரியாகப் போட்ட டேபிள் இருக்கிறதா என்று. டிராயிங்கிலிருந்து கணக்கிட்ட டேபிளில், உள்ளே இருக்கும் அஜிடேட்டர், பேஃபிள், தெர்மோவெல் எல்லாம் பிடிக்கும் இடம் வராது.

ஜூன் 18, இரவு 11.15

சில நாள் இடைவெளி. நைட் ஷிஃப்ட்.

இதுவரை பேசியதெல்லாம் சதவீதக் கணக்கு. வாயு கிளம்பினால் அது மடங்குக் கணக்கு ஆகிவிடும். ஒரு கிலோ சோடியம் பைகார்பனேட் ஆசிட்டோடு சேர்ந்தால் 30 டிகிரியில் சுமார் 296 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். வாயு வெளியே போய்விடும், சரி. போகிற வழியில் திரவத்துக்குள் குமிழாக நிற்கிறதே, அந்த நேரம்தான் சிக்கல். திரவத்தில் வாயுவின் பங்கு 20 சதவீதம் என்றால் 2,000 லிட்டர் சரக்கு 2,500 லிட்டர் உயரத்துக்கு நிற்கும். சோப்புத் தன்மை இருந்தால் நுரை அடங்காது. கொதிக்கவைத்த பால் பொங்குவது மாதிரிதான், பாத்திரத்தின் விளிம்புக்குப் பதிலாக இங்கே கண்டென்சர் (ஆவியைக் குளிரவைக்கும் கருவி) லைன். சரக்கு கண்டென்சருக்குள் ஏறிவிட்டால் வென்ட் (வாயு வெளியேறும் வழி) அடைபடும்.

ரன்அவே ஆகி, அதாவது ரியாக்ஷன் கைமீறிப் போய், பிரஷர் திடீரென்று விடுபட்டாலும் இதே கதை. வென்டில் வாயு மட்டும் வெளியேறும் என்று நினைத்து ரப்ச்சர் டிஸ்க்கின் (பிரஷர் மீறினால் கிழிந்து வழிவிடும் தகடு) அளவைப் போட்டால், வீங்கிய சரக்கு திரவமும் வாயுவுமாகச் சேர்ந்து வெளியேறும், அந்த அளவு போதாது. இதை ஆராயவே 1976-ல் அமெரிக்காவில் கம்பெனிகள் சேர்ந்து டியர்ஸ் (DIERS) என்ற குழுவை அமைத்தன.

2007 டிசம்பர் 19-ல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் டி2 (T2) லேபரட்டரீஸ் என்ற கெமிக்கல் கம்பெனியில் நடந்த வெடிப்பைப் பற்றிய அரசு விசாரணை அறிக்கையை ஒவ்வொரு பேட்ச் இன்ஜினியரும் படிக்க வேண்டும். நான்கு பேர் இறந்தார்கள். கூலிங் போனதும் ரியாக்ஷன் கைமீறியதுதான் நேர்க் காரணம். ஆனால் அதில் எனக்கு உறுத்தும் ஒரு விவரம்: 42-வது பேட்சிலிருந்து பேட்ச் சைஸை மூன்றில் ஒரு பங்கு கூட்டியிருந்தார்கள். வெடித்தது 175-வது பேட்ச். அத்தனை பேட்ச் ஒழுங்காக ஓடியதென்றால் பெரிய பேட்ச் பாதுகாப்பானது என்றுதான் எவருக்கும் தோன்றும். பேட்ச் சைஸைக் கூட்டும்போது ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் கூலிங் பரப்பும் குறையும், மேலே இருக்கும் காலி இடமும் குறையும். இரண்டையும் மறுபடி கணக்குப் போடாமல் கூட்டக்கூடாது. மேனேஜ்மென்ட் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

ஜூன் 20, மாலை 5.45

தம்பி கடைசியாக ஒரு முழுக் கணக்கு கேட்டிருக்கிறார், "ப்ளான்டில் போடுகிற மாதிரி". போட்டுவிடுவோம்.

3,000 லிட்டர் ஜி.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி பூசிய ரியாக்டர்). ஆர் அண்ட் டி (ஆராய்ச்சிப் பிரிவு) கொடுத்த ப்ராசஸ்: கே.எஸ்.எம். (முக்கியத் தொடக்கப் பொருள்) 200 கிலோ, டொலுயீன் 8 வால்யூம், ரிஃப்ளக்ஸ், பிறகு 40 டிகிரிக்கு இறக்கி 10 சதவீதக் காஸ்டிக் கரைசல் 3 வால்யூமால் கழுவுவது. (வால்யூம் என்றால் இங்கே கே.எஸ்.எம். கிலோவுக்கு இத்தனை லிட்டர். எட்டு வால்யூம் 1,600 லிட்டர்.)

30 டிகிரியில் 1,600 லிட்டர் டொலுயீன் 1,373 கிலோ. இனி இந்தக் கிலோதான் நமக்கு முக்கியம். கே.எஸ்.எம். கரைந்த பிறகு பிடிக்கும் இடம், சாம்பிள் டென்சிட்டி அளந்ததில் 165 லிட்டர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சார்ஜ் முடிந்ததும் 1,765 லிட்டர். ரிஃப்ளக்ஸில் டொலுயீன் மட்டும் 1,765 லிட்டர் ஆகும், கரைந்தது சேர்ந்தால் 1,930. கரைந்ததும் சற்று விரியும் என்பதால் 1,950 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் 65 சதவீதம். கொதிக்கும் சரக்குக்கு இது வசதியான உயரம்.

கழுவும்போது 40 டிகிரியில் டொலுயீன் 1,619, கரைந்தது 165, காஸ்டிக் 600. மொத்தம் 2,384 லிட்டர், 79 சதவீதம். இங்கே கூட்டலாமா என்றால் கூட்டலாம், டொலுயீனும் தண்ணீரும் கலக்காது, தனித்தனி அடுக்கு. எங்கள் வரம்பு 80 சதவீதம். நுழைகிறது, ஆனால் ஒட்டிக்கொண்டு. ஆப்பரேட்டர் லைன் ஃப்ளஷ் என்று 20 லிட்டர் தண்ணீர் கூடுதலாக விட்டாலே வரம்பு தாண்டிவிடும். இந்தப் பேட்சின் உச்சம் ரிஃப்ளக்ஸில் இல்லை, கழுவுவதில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்டேஜ் ஸ்டேஜாகப் போட்டால்தான் இது தெரியும்.

ஆர் அண்ட் டி-யில் கேட்டால் காஸ்டிக்குக்குப் பதில் பைகார்பனேட் போடலாம் என்பார்கள். ஆசிட் மிச்சம் இருந்தால் 20 கிலோ பைகார்பனேட்டுக்கு ஆறு கன மீட்டர் வாயு. இந்த உயரத்தில் நான் அனுமதிக்க மாட்டேன்.

நான் செய்வது: 600 லிட்டரை 300, 300 என்று பிரிப்பது. முதல் 300 விட்டுக் கலக்கி, நிறுத்தி, கீழ் அடுக்கை வடித்துவிட்டு அடுத்த 300. உச்சம் 2,084 லிட்டருக்கு இறங்கிவிடும், பாத்திரத்தில் 69 சதவீதம். அதே அளவு காஸ்டிக்கில் கழுவலும் ஒரே தடவையில் செய்வதைவிட நன்றாக இருக்கும். கூடுதலாக ஆகும் செட்லிங் நேரத்தைச் சைக்கிள் டைமில் சேர்த்துக்கொள்ளுங்கள்.